இடமிருக்கோவும் ஹாஜியாரின் பேத்திமாரும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிறவர்கள் எதையாவது நம்பித்தான் வாழ்கிறார்கள். சிலர் கடலை, சிலர் கோணேசரை, சிலர் கொழும்பு பஸ் நேரத்துக்கு வரும் என்பதை. பிறர் சொன்ன ஒரு எண்ணைக்கூட வாழ்நாளில் நம்பாத மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எதற்கு முன்னும் அவர் கேட்கும் கேள்வியையே அவருக்குப் பெயராக வைத்தோம்: ‘இடமிருக்கோ’. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை எழுதினால் இந்தப் பகுதியில் யாருக்கும் ஆள் விளங்காது.

நானும் எண்ணுகிற ஆள்தான். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டு வந்தவன். இன்றைக்கும் எதிரே மின்கம்பியில் காகம் இருந்தால் எத்தனை என்று பார்க்காமல் தாண்ட முடியாது. ஆனால் இடமிருக்கோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறவன்.

நாங்கள் இருவரும் வேலை செய்தது டொக்யார்ட் வீதிப் பக்கம் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் மேல்மாடியில். படிக்கட்டுக்குக் கைபிடி இல்லை. இதைப் பற்றி நான் முதலாளியிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன், பலனில்லை. முதலாளி லிங்கநகர்ப் பொடியன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்து விற்றான். படகின் பெயர், அது நிற்கும் இடம், எஞ்சின் சூடு, கீழே கடலின் ஆழம் எல்லாம் பெட்டியின் திரையில் ஒரே வரியாக ஓடும். ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அதே வரி கரைக்குப் போய்ச் சேரும். நான் சாமான்கள் வருவதையும் போவதையும் எண்ணினேன். இடமிருக்கோ பெட்டிக்குள் இருக்கும் இயங்குதளத்தின் அடிமட்டத்தை எழுதினார். அதை அந்தத் தொழிலில் கேர்னல் என்பார்கள்.

“மேலை ஓடுற புரோகிராம் விழுந்தா அது மட்டும் விழும், ஐயா,” என்று முதல் நாளே எனக்கு விளக்கினார். “கேர்னல் அத்திவாரம். அது விழுந்தா வீடே விழும். அதாலை இங்கை ஒருத்தரையும் நம்ப ஏலாது.”

“என்னையுமோ?”

“உங்களைத்தான் முதல்லை.”

அவர் தினமும் தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வருவார் என்பதைவிட, பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார் என்பதே சரி. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, “ஏறுங்கோ ஏறுங்கோ, உள்ளுக்கு இடமிருக்கு!” என்று கத்துவான்.

“எத்தினை?”

“என்ன எத்தினை?”

“எத்தினை பேருக்கு இடம்?”

“ஏறினாத் தெரியுந்தானே அண்ணை!”

“ஏறினாப் பிறகு தெரிஞ்சு என்ன செய்யிறது?”

பஸ் போய்விடும். சில மாதங்களில் அந்தப் பாதையில் ஓடும் கொண்டக்டர்மார் எல்லோரும் பழகிவிட்டார்கள். குடையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக அவர் தூரத்தில் தெரிந்ததும் ஜன்னலால் கையை நீட்டி இரண்டு விரலோ மூன்று விரலோ காட்டுவார்கள். விரல் காட்டாத பஸ்ஸில் அவர் ஏறியதாக வரலாறு இல்லை. விரலைக் காட்டிய பஸ்ஸிலும் ஏறுமுன் தலையை உள்ளே விட்டு ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்.

ஒரு கல்யாண வீட்டில் அவருக்குப் பக்கத்து இலையில் நான் இருந்தேன். எதையும் விளிம்புவரை நிரப்பக்கூடாது என்பது அவருடைய கொள்கை. இலையின் வலது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெறுமையாக விட்டிருந்தார். பரிமாற வந்த பொடியன் அந்த வெறுமையைப் பார்த்து இரங்கி, சரியாக அங்கே ஒரு அகப்பை பாயசத்தை ஊற்றினான். பாயசம் விளிம்பு தாண்டி, மேசை தாண்டி, அடுத்த இலைக்காரரான என் வேட்டியில் வந்து முடிந்தது. இடமிருக்கோ எழுந்து கைகழுவப் போனார். போகிற போக்கில், “பாத்தியளோ ஐயா, நட்டப்படுறவன் எப்பவும் பக்கத்து வீட்டுக்காரன்,” என்றார். பாயசக் கறை இன்னும் அந்த வேட்டியில் இருக்கிறது.

கிட்டங்கிக்குக் கீழே ஒரு தேத்தண்ணிக்கடை. வாசலில் ஒரு நீண்ட வாங்கு. அதன் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த கழிவுநீர்க் கான். கடைக்காரர் கிளாசை நிரப்பிக் கொடுத்தால் இடமிருக்கோ மேலே ஒரு விரலளவை நிலத்தில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார்.

“என்ரை தேத்தண்ணியை ஏன் அண்ணை மண்ணிலை ஊத்துறியள்? அவ்வளவு கேவலமோ?”

“தேத்தண்ணி நல்லது. கிளாஸ் எங்கை முடியுதெண்டு எனக்குத் தெரியோணும்.”

இனி ஹாஜியார் கதைக்கு வருகிறேன். கிண்ணியாவைச் சேர்ந்தவர், எங்களிடம் பெட்டி வாங்கிய முதலாவது படகுக்காரர். படகுக்கு ‘நூருல் பஹ்ர்’ என்று பெயர். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பேத்தி பிறக்கும் ஒவ்வொரு முறையும் படகின் பெயரோடு அந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடுவார். பெயின்ற்காரன் வந்து படகின் முகப்பில் எழுதுவான். அப்படியே எங்கள் பெட்டிக்குள்ளும் எழுத வேண்டும். படகை ஓட்டுகிறவர் அந்தப் பிள்ளைகளின் தகப்பன், ஹாஜியாரின் மருமகன்.

ஒருநாள் காலை ஹாஜியார் பெட்டியைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு, கைபிடி இல்லாத அந்தப் படிக்கட்டால் மூச்சு வாங்க ஏறி வந்தார். முதலாளியின் மேசையில் பெட்டியை வைத்தார்.

“தம்பி, இது கரையில நல்லா வேல செய்யிது. தொறமுக வாயத் தாண்டினா கறுத்துப் போவுது. ஒவ்வொரு நாளும் அதே எடம். நம்மட ஆக்கள் சொல்றாங்க, அந்த எடத்துல ஆழம் வெளிச்சத்த உறிஞ்சுதாம்.”

துறைமுக வாயில் கடலடி திடீரென்று பள்ளத்தாக்குப் போல இறங்குவது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். முதலாளி செய்மதி, அலை, உப்புக்காற்று என்று மூன்று காரணம் சொன்னான். ஹாஜியார் மூன்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கு இதெல்லாம் விளங்கா. நேத்து எஞ்சின் நிண்டு போச்சு. மருமகன் செவப்புப் பொத்தான அமுக்கியிருக்கான். திரை கறுப்பு. ஒண்டும் வரல்ல. நல்ல காலம், பக்கத்துல ஒரு போட் வந்து இழுத்துட்டு வந்தாங்க. வாடைக் காத்து தொடங்கப் போவுது. இது சரிவராம நான் அவன கடலுக்கு அனுப்ப மாட்டன். மூணு பொம்புளப் புள்ளைட வாப்பா அவன்.”

படகு கட்டிக் கிடந்தால் ஹாஜியார் வீட்டிலும் ஆட்கள் வீடுகளிலும் அடுப்பு எரியாது. படகு போனால், பெட்டி கறுத்தால், அந்த மனிதர் திரும்பி வருவாரோ தெரியாது. மூலைக் கதிரையிலிருந்து இடமிருக்கோதான் கேட்டார்:

“எப்ப தொடங்கினது, ஹாஜியார்?”

“பெருநாளைக்குப் பொறவு.”

“பெருநாளோடை என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கல்லயே… ஆ, பேத்தி பொறந்தா.”

இடமிருக்கோ கதிரையை விட்டு எழும்பினார். அவர் எழும்புவது அபூர்வம். “படகின்ரை முழுப் பேரையும் சொல்லுங்கோ.”

“நூருல் பஹ்ர் பாத்திமா றிஸ்லா சப்னா.”

முதலாளிக்கு உடனே வெளித்துவிட்டது. படித்த பிள்ளை. “பேர் நீண்டு போச்சு! அவ்வளவுதான். ஹாஜியார், ஒரு பேரைக் குறைச்சாச் சரி.”

ஹாஜியார் அவனைப் பார்த்தார். “எந்தப் பேத்திய எறக்கச் சொல்றீங்க?”

“இல்லை… கடைசியா வந்தது…”

“அவ பொறந்து ஒரு மாசம். அதுக்குள்ள என்ன குத்தம் செஞ்சா?”

“அப்ப மூத்தவவின்ரை…”

“மூத்தவட பேர எடுத்துட்டு நான் ஊட்டுக்குப் போக ஏலா.”

“நடுவிலை…”

“நடுப்புள்ள இப்பவே தன்ன எல்லாரும் மறந்துட்டாங்க எண்டு அழுவுது தம்பி!”

முதலாளி என் பக்கம் திரும்பினான். நான் ஜன்னலுக்கு வெளியே காகங்களை எண்ணினேன். ஐந்து.

“ஒருத்தரையும் இறக்கத் தேவையில்லை,” என்றார் இடமிருக்கோ. “பிழை பிள்ளையளிலை இல்லை. கீழை வாங்கோ, காட்டுறன்.”

தேத்தண்ணிக்கடை வாங்கு அன்று நடைபாதைச் சபையாக மாறியது. ஹாஜியாரோடு வந்த ஆட்களும் கடையில் நின்றவர்களுமாக எட்டுப் பேரை வரிசையில் நிறுத்தினார். வாங்கில் ஆறு பேர் இருக்கலாம். முதலாளியைத் தலைப்பில் நிற்க வைத்தார்.

“நீங்கள் கேர்னல். நான் அதுக்குள்ளை ஒரு சின்ன வேலைக்காரன், சரம் கோக்கிற செயற்கூறு. பேரையும் எண்களையும் கோத்து ஒரு வரியாக்கித் தாறது என்ரை வேலை. இப்ப என்னட்டைச் சொல்லுங்கோ, எட்டுப் பேரை இருத்தச் சொல்லி.”

“இருத்துங்கோ அண்ணை.”

சுவர்ப் பக்கமிருந்து ஐந்து பேரை இருத்தினார். ஆறாவது ஆள் இருக்கப் போக, தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“இடமிருக்குத்தானே!” என்றான் அந்த ஆள்.

“இருக்கு. ஆனா அது முடிவுக்குறிக்கு. கடைசி இடம் எப்பவும் காலியா இருக்கோணும். அதைக் கண்டாத்தான் வாசிக்கிறவன் நிப்பாட்டுவான்.”

“அதில ஆரு இரிப்பா?” என்று கேட்டார் ஹாஜியார்.

“ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் அந்த இடம்.” பிறகு முதலாளியிடம் திரும்பினார். “இப்ப கேளுங்கோ, எத்தினை பேரை இருத்தினனெண்டு.”

“எத்தினை?”

“எட்டு.”

“என்ன கதை இது? அஞ்சு பேர்தானே இருக்கினம்!”

“இடம் இருந்திருந்தா எட்டுப் பேர் இருந்திருப்பினம். நீங்கள் பெட்டிக்குள்ளை போட்டு வைச்ச செயற்கூறு அப்பிடித்தான் பதில் சொல்லுது. நீங்கள் அதை அப்பிடியே நம்பி, அடுத்த ஆளை ஒன்பதாவது இடத்திலை கொண்டுபோய் இருத்துறியள். எங்கை, ஒன்பதாவது இடத்தைக் காட்டுங்கோ பாப்பம்?”

முதலாளி வாங்கின் ஓரமாகப் பின்னால் நடந்துகொண்டே எண்ணினான். ஆறு, ஏழு. எட்டு என்று வாய் சொல்ல, கால் கானுக்குள் போய்விட்டது. முழங்கால் வரை. கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பின்பக்கம் குசினிக்குள் ஓடினார்.

“நல்லது,” என்றார் இடமிருக்கோ. முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. “வெளியிலை கான் இருக்கு. பெட்டிக்குள்ளை கான் இல்லைத் தம்பி. பக்கத்திலை வேறை ஆற்றையோ வீடு. எழுத்து அங்கை போய் விழுந்தா அந்த வீட்டு அடுப்பு அணையும். அதுதான் திரை கறுக்குது.”

“அது ஏன் வாயத் தாண்டினாத்தான் கறுக்கோணும்?” என்று ஹாஜியார் கேட்டார். கெட்டிக்காரர்.

“ஆழம் தொண்ணூற்றொன்பது மீற்றர் வரைக்கும் ரெண்டு இலக்கம். நூறானா மூண்டு. வாயிலைதான் நூறாகுது. மூண்டாவது பேத்தி வந்தாப் பிறகு வாங்கு சரியா நிறைஞ்சு நிண்டது. அந்த ஒரு இலக்கம் வந்து ஏற, இடமில்லை.”

நனைந்த காற்சட்டையோடு முதலாளி மேலே வந்தான். “சரி அண்ணை. வாங்கை ரெண்டு மடங்கு நீட்டி விடுவம். இண்டைக்கே முடிச்சுக் குடுக்கலாம்.”

இடமிருக்கோ ஹாஜியாரைக் கேட்டார்: “மகளுக்கு என்ன வயது?”

“இருவத்தாறு.”

“காணாது தம்பி. ரெண்டு மடங்கு காணாது.”

அதன் பிறகு அவர் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சரம் கோர்க்கும் அந்தச் செயற்கூறு பெட்டி முழுவதும் நாற்பத்தொரு இடத்தில் பயன்பட்டது. எண்ணியது நான்தான். நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டான்.

“பழுதான இடம் ஒண்டுதானே அண்ணை!”

“பழுதெண்டு தெரிஞ்ச இடம் ஒண்டு.”

உள்ளபடி எத்தனை எழுத்து எழுதப்பட்டதோ அதை மட்டும் சொல்லும் செயற்கூறு ஒன்றைச் செய்தார். இடம் முடிந்தால் அது நிற்கும், கடைசி இடத்தை ஒருபோதும் தொடாது. தமிழ் எழுத்து உள்ளே மூன்று, ஆறு என்று இடம் பிடிக்கும் என்பதால், வெட்ட நேர்ந்தால் எழுத்தைப் பாதியில் வெட்டாது, முழுதாக விட்டுவிடும். ஒன்றுமே இல்லாத முகவரியைக் கொடுத்து அங்கே இருப்பதை எழுது என்றால், முன்னைய செயற்கூறு தடுக்கி விழுந்துவிடும். புதியது ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பார்க்கும். வெட்ட வேண்டி வந்தால், வெட்டினேன் என்று சொல்லும்.

“இதை முதல் எழுதினவன் பொய்யன்,” என்றேன் நான். மூட்டை எண்ணினவனுக்கு, ஏற்றாத மூட்டையைக் கணக்கில் சேர்ப்பது சகிக்காது.

இடமிருக்கோ திரையிலிருந்து கண்ணை எடுத்தார். “இல்லை ஐயா. அது பொய் சொல்லேல்லை. எவ்வளவு இடம் வேணுமெண்டு சொன்னது. நாங்கள் எவ்வளவு எழுதினாயெண்டு கேட்டதா நினைச்சுக்கொண்டம். அதையும் நான் எறியேல்லை. பேர் எழுத முதல் அதிட்டைப் போய், எவ்வளவு இடம் வேணுமெண்டு கேட்டு, அவ்வளவு இடத்தை எடுத்து வைச்சிட்டுத்தான் எழுதுறன். எத்தினை பேத்தி வந்தாலும்.”

எழுதுமுன் இடமிருக்கோ என்று கேட்கும் ஒரு செயற்கூறு. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

பெட்டி தயாரானதும் ஹாஜியார் ஒரு நிபந்தனை போட்டார். “என்ட மருமகன் போறதெண்டா, இத எழுதின ஆளும் போட்டுல வரணும்.” நியாயமான கதை. சிக்கல் என்னவென்றால், இடமிருக்கோ பிறந்ததிலிருந்து படகில் ஏறியதில்லை.

மறுநாள் காலை இறங்குதுறையில் நின்று கேட்டார்: “இடமிருக்கோ?”

“பத்துப் பேர் போவலாம், ஏறுங்க,” என்றார் மருமகன்.

“உயிர்காப்பு அங்கி எத்தினை?”

“ஏழு.”

“அப்ப ஏழு பேருக்குத்தான் இடம்.”

எண்ணினோம். மருமகன், அவருடைய ஆட்கள் இருவர், ஹாஜியார், இடமிருக்கோ, நான், முதலாளி. சரியாக ஏழு. முதலாளி சந்தோஷமாக ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

“கடைசி இடம்,” என்றார் இடமிருக்கோ.

முதலாளி காலைத் திருப்பி எடுத்தான். பெட்டியைச் செய்த கம்பனியின் சொந்தக்காரன் முடிவுக்குறியாகக் கரையில் நிற்க, நாங்கள் ஆறு பேரும் புறப்பட்டோம். என் முழங்காலுக்குப் படகு ஒத்துவராது என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

உள்துறைமுகத்தைத் தாண்டுமுன்பே இடமிருக்கோவின் முகம் பச்சையாகிவிட்டது. படகின் ஓரத்தைக் கட்டிப்பிடித்துத் தலையை வெளியே தொங்கப் போட்டார். இடையிடையே தலையைத் திருப்பாமல் ஒரு சொல் மட்டும் வரும்.

“எத்தினை?”

“எழுபத்திரண்டு,” என்பேன், திரையில் ஆழத்தைப் பார்த்து.

பிறகு வாந்தி. பிறகு மீண்டும், “எத்தினை?”

“தொண்ணூறு.”

ஹாஜியாரின் உதடுகள் அசைந்தன. மருமகன் எஞ்சினைத் தணித்தார். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது என்று நான் சொல்லி வாயை மூடமுன் திரை ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. ஹாஜியார் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

நூற்று நாலு.

திரை கறுக்கவில்லை. மேல்வரியில் படகின் பெயர். ஹாஜியார் கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தார். “பாத்திமா. றிஸ்லா. சப்னா.”

“மூண்டு பேரும் இருக்கினமோ?” என்று கடலைப் பார்த்தபடியே கேட்டார் இடமிருக்கோ.

“இரிக்காங்க. மூணு பேரும் இரிக்காங்க.”

“அப்ப பொத்தானை அமுக்குங்கோ.”

மருமகன் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் என் கைத்தொலைபேசி அடித்தது. கரையிலிருந்து முதலாளி கத்தினான்: “வந்திட்டுது ஐயா! முழு வரியும் வந்திட்டுது!” அதைச் சொல்ல நான் திரும்பினேன். இடமிருக்கோ தலையை நிமிர்த்தி, பாதி மூடிய கண்ணால் திரையைத் தேடி, தானே ஒருமுறை எழுத்து எழுத்தாக எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடியும் கடலுக்குத் தலையைக் கொடுத்தார். மருமகன் ஒரு தேசிக்காயை வெட்டி அவர் மூக்கருகே பிடித்துக்கொண்டு கரை வரைக்கும் வந்தார்.

அந்த வாடைக் காலம் முழுக்க நூருல் பஹ்ர் போய் வந்தது. எஞ்சின் இன்னொரு முறை நின்றது. பொத்தான் வேலை செய்தது, ஆட்கள் போய் இழுத்து வந்தார்கள். நாலாவது பேத்திக்கு ஹனா என்று பெயர் வைத்தார்கள். பெயின்ற்காரன்தான் படகில் இடமில்லை என்று முறைப்பட்டான். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு முதலாளி கந்தோரைக் கொழும்புக்கு மாற்றினான். இடமிருக்கோவையும் கூப்பிட்டான். புதிய அறையில் எத்தனை பேருக்கு இடம் என்று இவர் கேட்க, “வாங்கோ அண்ணை, எப்பிடியும் சமாளிக்கலாம்” என்று அவன் சொல்லிவிட்டான். எண் இல்லாத பதில். அவர் போகவில்லை. தம்பலகாமத்தில் வீட்டிலிருந்தே யாருக்கோ கேர்னல் எழுதிக் கொடுக்கிறார் என்று கேள்வி. பஸ்ஸுக்கு வரவேண்டிய தேவை அவருக்கு இப்போது இல்லை. போய்ப் பார்க்கலாம்தான். யானை நடமாடுகிற இடம், என் முழங்காலும் இப்படி.

காலைத் தேத்தண்ணிக்கு மட்டும் நான் இன்னும் அந்தக் கடைக்கு வருகிறேன். சுவர்ப் பக்கமிருந்து ஐந்து பேர் இருப்போம். நேற்று யாரோ வெளியூர்க்காரர், கையில் சூடான கிளாசோடு, வாங்கின் கான் பக்க ஓரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஐயா, இதிலை இடமிருக்கோ?”

“இல்லைத் தம்பி,” என்றேன். “ஆளிருக்கு.”